காட்சி ஓசி, சத்தத்துக்குத்தான் காசு

மட்டக்களப்பில் குறும்படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: காட்சி ஓசியில் கிடைக்கும். விடியக் கடற்கரைக்குப் போனால் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும். பின்னேரம் வாவிக்கரையில் நின்றால் அதே சூரியன் தண்ணீருக்கு மேல் இறங்கும். எழுவான்கரை, படுவான்கரை என்று ஊரையே சூரியனை வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள் நாங்கள். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு தென்னை, ஒரு தோணி, ஒரு துண்டுத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். கையில் இருப்பது சாதாரண போன் என்றாலும் படம் வடிவாகத்தான் இருக்கும். இந்த வசதிதான் எங்களைப் போன்ற மாணவர்களைக் கெடுக்கிறது என்பது என் கட்சி.

இறுதியாண்டில் நாங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து 12 நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன தாய், ஆரையம்பதியில் அம்மம்மாவோடு இருக்கிற மகளுக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறாள். கதை அவ்வளவுதான். தாயின் முகம் படத்தில் ஓரிடத்திலும் வராது. எழுதும்போது இதைச் செலவு குறைக்கிற உத்தியாகத்தான் நினைத்தோம், ஒரு நடிகை மிச்சம் என்று. ஆனால் முகமே காட்டாத ஒருத்தியைப் பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும் என்றால் முழுப் பாரமும் சத்தத்தின் தலையில்தான் விழும். அந்தப் பாரத்தைத் தூக்கப் பழகியதுதான் எனக்கு அந்தப் படம் தந்த படிப்பு.

கமராவைப் பற்றிப் படித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகைக்கும் உள்ளே. சூரியன் சரிந்து சரிந்து போகாமல் நேரே இறங்கிவிடும். யூடியூபில் ஐரோப்பியர்கள் ஒரு மணித்தியாலம் என்று பேசுகிற மாலைப் பொன்வெளிச்சம் இங்கே மளமளவென்று முடிந்துவிடும். அதை நம்பி வசனக் காட்சி வைக்கக் கூடாது. யன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டி, எதிர்ப்பக்கம் ஒரு ரிஜிபோம் தட்டு, இந்த இரண்டும் வாடகை விளக்கை விட நன்றாக வேலை செய்யும். இன்னொன்று மின்குமிழ். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி குமிழ் வினாடிக்கு 100 தடவை மங்கி மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வினாடியின் 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று பூட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து 30 பிரேமும் 60இல் ஒன்றும் வைத்தவர்களின் படங்களில் குசினிச் சுவரில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துபோவதைக் காணலாம்.

வெளிச்சம் என்று பேச்சு வந்தால் இங்கே பாலு மகேந்திராவைச் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். 1939இல் மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்தவர், புனேயில் ஒளிப்பதிவு படித்தவர், கிடைக்கிற இயற்கை வெளிச்சத்தை வைத்தே படம் எடுத்துக் காட்டியவர். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெருமையால் எங்கள் வகுப்பில் எல்லாரும் ஒளிப்பதிவாளராகிவிட்டார்கள், மைக் பிடிக்க ஆளில்லை. உயரம் என்பதால் அந்த வேலை என் கைக்கு வந்தது.

சத்தம் என்றால் முதலில் வசனம். எங்கள் முதல் பிரதியில் அம்மம்மா பேத்தியிடம், “உன் அம்மா உனக்காகத்தானே இவ்வளவு துன்பங்களையும் தாங்கிக்கொண்டிருக்கிறாள்” என்று சொல்வார். அம்மம்மாவாக நடித்தவர் குழுவில் இருந்த நண்பனின் தாய், எனக்கு மாமி முறை. அதுவரை மேடை ஏறியதே இல்லை. தாளை வாங்கி ஒருமுறை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இப்பிடி ஆரு மனே கதைக்கிற?”

“அப்ப நீங்க என்ன மாமி சொல்லுவீங்க?”

“நான் ஒண்டும் சொல்ல மாட்டன். சோத்தப் போட்டுக் குடுப்பன். ‘தின்னு புள்ள, கொம்மா வொய்ஸ் அனுப்பியிருக்கா, மறுகா கேளு’ எண்டுவன்.”

படத்தில் இருப்பது அந்த வரிதான். பிள்ளைக்குத் தாயின் குரலைக் கேட்க அவசரம், அம்மம்மாவுக்குப் பிள்ளை சாப்பிட வேண்டும் என்ற அவசரம். நாங்கள் பத்து வரியில் விளக்கப் பார்த்த பாசமும் கோபமும் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. அதற்குப் பிறகு பிரதி எழுதுகிற முறையையே மாற்றினோம். என்ன நடக்கிறது என்று மட்டும் மாமிக்குச் சொல்வோம், அவர் தன் பாட்டுக்குக் கதைப்பார், அதைப் போனில் பதிந்து எழுத்தாக்குவோம். எழுத்தாக்கும்போதுதான் ஒன்று தெரிந்தது: வீட்டுக்குள் மனிதர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது மிகக் குறைவு. “காசு வந்துதா?” என்று கேட்டால், “மழைக்கு முன்ன கூரையப் பாக்கணும்” என்று பதில் வரும். கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று போகிற வசனம் நாங்கள் தொலைக்காட்சி நாடகங்களிலிருந்து இரவல் வாங்கியது. கல்முனை பஸ்ஸில் முன்சீட்டுப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு போவது அதிலிருந்து எனக்குப் பழக்கமாகிவிட்டது. நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன், பயனுள்ள பழக்கம்.

தாயின் குரலுக்கு, பல வருடம் குவைத்தில் வேலைசெய்துவிட்டுத் திரும்பிய பக்கத்து ஊர் அக்கா ஒருவர் சம்மதித்தார். குரல் கொடுக்க மட்டும்தான் அழைத்தோம். வந்தவர் கதையையே திருத்திவிட்டுப் போனார். எங்கள் பிரதியில் தாயும் மகளும் பின்னேரம் ஆறு மணிக்கு நேரடியாகப் போனில் பேசுகிற காட்சி இருந்தது.

“தம்பி, எந்த வீட்டுல ஆறு மணிக்குப் போன் தாறாங்க? வேல முடிஞ்சு போன் கைக்கு வரப் பதினொண்டு, பதினொண்டரை ஆகும். இஞ்ச அப்ப எத்தின மணி?”

குவைத் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னே. அங்கே இரவு பதினொன்றரை என்றால் இங்கே விடியச்சாமம் இரண்டு மணி. பிள்ளை நித்திரை. அதனால்தான் குரலை அனுப்பி வைப்பது. பிள்ளை விடிய எழும்பிக் கேட்கும். பதிலை அனுப்பினால் தாய் கேட்பது அடுத்த இரவு. ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் வர ஒரு நாள் ஆகும். நேரடி அழைப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, இந்த ஒரு நாள் இடைவெளியின் மேல் முழுக் கதையையும் மறுபடி கட்டினோம். படத்தைப் பார்த்தவர்கள் திரைக்கதை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எனக்கு அந்த அக்காவின் இரண்டரை மணித்தியாலக் கணக்குத்தான் ஞாபகம் வரும்.

பதிவு நாளில் நாங்கள் ஓர் அறையில் மெத்தை, போர்வை எல்லாம் தொங்கவிட்டு எதிரொலி இல்லாமல் செய்து வைத்திருந்தோம், ஸ்டூடியோ மாதிரி இருக்கட்டும் என்று. அக்கா உள்ளே வந்து பார்த்துவிட்டு, “நான் எங்க நிண்டு கதைக்கிறன்?” என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. “நாங்க பாத்றூமுக்குள்ள நிண்டுதான் கதைக்கிற. மெதுவாத்தான் கதைக்கிற” என்று அவரே சொன்னார். பிறகு மாபிள் பதித்த குளியலறை உள்ள வீடு ஒன்றைத் தேடிப் போய் அங்கே பதிந்தோம். ரகசியக் குரல், சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலி, வெளியே யாரோ நடந்தால் நடுவில் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தம் நாங்கள் எழுதியது இல்லை.

அதையும் அப்படியே படத்தில் போட்டால் சரிவராது. சுத்தமான பதிவு, போனிலிருந்து வருகிற குரலாகக் கேட்காது. கணினியில் வடிகட்டிப் பார்த்தோம், வானொலி நாடகம் போல வந்தது. கடைசியில் செய்தது எளிய வேலை. பதிவை உண்மையாகவே வட்ஸ்அப்பில் அனுப்பி, அது அமுக்கிக் கொடுத்த குரலை மாமியின் பழைய போனில் போட்டு, போனைக் குசினி மேசையில் வைத்து, இரண்டடி தள்ளி மைக் வைத்து மறுபடி பதிந்தோம். மேசைப் பலகையின் அதிர்வும் குசினிச் சுவரும் அதில் சேர்ந்துகொண்டன. பதிந்த ஒலியை உண்மையான ஓர் இடத்துக்குள் ஒலிக்கவிட்டு மீண்டும் பதிகிற இந்த முறையை அமெரிக்க ஒலி வடிவமைப்பாளர் வால்டர் மேர்ச் 1970களிலேயே கையாண்டு அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார் என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன். எங்களுக்கு வழிகாட்டியது மேர்ச் இல்லை, காசில்லாமைதான்.

படப்பிடிப்பு வீட்டில் மைக் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களில் ஊரின் நேர அட்டவணை எனக்கு மனப்பாடமாகிவிட்டது. காலையிலும் பின்னேரமும் பாண் விற்கிற ஓட்டோ மெட்டு ஒன்றை ஒலித்துக்கொண்டு வரும். பீத்தோவன் 1810இல் எழுதிய பியானோ மெட்டு ஆரையம்பதி ஒழுங்கைகளில் நாளுக்கு இருதரம் ஊர்வலம் போவதை அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். பிறகு மீன் வியாபாரியின் ஹோர்ன். காத்தான்குடி பக்கத்தில் என்பதால் ஐந்து வேளை பாங்கு, ஒரு பள்ளிவாசலில் தொடங்கி அடுத்ததில் முடிந்து இன்னொன்றில் தொடரும். நாங்கள் வைகாசி முடியும் வரை காத்திருந்து ஆரம்பித்தது நல்லதாய்ப் போயிற்று. வைகாசியில் சுற்றுவட்டாரக் கண்ணகை அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு, ஒலிபெருக்கிக்கு ஓய்வே இல்லை. இவற்றை எதிர்த்து நின்று பயனில்லை. பிரதியைக் காட்சி வாரியாகப் பிரித்து அடுக்குவதுதான் வழக்கம். நாங்கள் சத்தம் வாரியாக அடுக்கினோம். பேச்சில்லாத காட்சிகள் எல்லாம் பாங்கு நேரத்துக்கும் பாண் நேரத்துக்கும், மெதுவான பேச்சு எல்லாம் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு, ஊர் கண்ணயர்கிற நேரத்துக்கு. பாண் ஓட்டோ மெட்டை ஒரு காட்சியில் வேண்டுமென்றே விட்டுவிட்டோம். பிள்ளை அதைக் கேட்டதும் காசு தேடி ஓடுகிறாள்.

வீட்டுக்குள் பெரிய எதிரி பிரிட்ஜ். இருக்கும்போது தெரியாது, அது நின்றால்தான் இவ்வளவு நேரமும் இரைந்துகொண்டிருந்தது தெரியும். பிளக்கைக் கழற்ற வேண்டும், ஆனால் மறந்துவிட்டு வீட்டுக்குப் போனால் மாமியின் மீன் பழுதாகிவிடும். அதற்கு ஒலிப்பதிவாளர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு, மோட்டார்சைக்கிள் திறப்பைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். திறப்பு இல்லாமல் யாரும் போக முடியாது. ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்த பிறகு எல்லாரும் அசையாமல் நிற்க, அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிய வேண்டும் என்பதும் அங்கேதான் பழகியது. முதலில் எல்லாருக்கும் சிரிப்பு. தொகுப்பு மேசையில் இரண்டு வசனத்துக்கு நடுவே வெட்டினால் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தை நிரப்ப அந்த அரை நிமிடத்தைத் தவிர வேறொன்றும் உதவாது. தெரிந்த பிறகு சிரித்தவர்களே “உஸ்” சொல்ல ஆரம்பித்தார்கள்.

கச்சான் காற்று இன்னொரு கதை. ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து வாவியைத் தாண்டி வருகிற வரண்ட, சூடான காற்று. முற்றத்தில் பேசிய முதல் பதிவைக் கேட்டால் வசனமே இல்லை, குமுறல்தான். மைக்குடன் வந்த பஞ்சு உறை போதாது, நீளமான மயிர் உள்ள துணி வேண்டும். கடையில் அதன் விலை எங்கள் சாப்பாட்டுச் செலவைவிட அதிகம். நண்பனின் தங்கை தன் பழைய கரடிப் பொம்மையைத் தியாகம் செய்தாள். அதன் முதுகுத் தோல் கச்சானைத் தாங்கியது.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைக்கின் விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது வாயிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பேசுவதில்லை. திறந்தவெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், சுற்றுச் சத்தம் அப்படியே இருக்கும். பழைய போன் ஒன்றை அம்மம்மாவின் பக்கத்தில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பதிந்தது, தூரத்தில் நின்ற நல்ல மைக்கை விடத் தெளிவாக இருந்த இடங்கள் உண்டு. ஒரே ஒரு தொல்லை. பல போன்கள் காணொளியைச் சீரான பிரேம் வேகத்தில் எழுதுவதில்லை, வெளிச்சத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும். தனியாகப் பதிந்த ஒலி நீண்ட காட்சியில் மெல்ல மெல்ல உதட்டை விட்டு விலகிப்போகும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டுச் சீரான வேகத்துக்கு மாற்றிய பிறகே தொகுப்புக்கு எடுக்க வேண்டும். இதை முதலிலேயே செய்தால் ஒரு சின்ன வேலை, கடைசியில் செய்தால் முழுப் படத்தையும் மறுபடி வெட்ட வேண்டும்.

பெரியப்பா பாத்திரத்துக்கு ஓர் அண்ணாவியார் வந்தார். வடமோடிக் கூத்துப் பழக்குகிறவர். வாயைத் திறந்தால் என் காதிலிருந்த ஹெட்போன் தெறிக்கும். வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் இருக்க, விடிய விடிய ஆடிப் பாடிய குரல் அது. அவர் வந்து நின்றதும் கேட்ட முதல் கேள்வி, “சனம் எந்தப் பக்கம்?”

கமரா விதிகளில் 180 பாகைக் கோடு என்று ஒன்று உண்டு. பேசுகிற இருவருக்கும் இடையே ஒரு கோடு கிழித்து, கமரா அதற்கு ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும், தாண்டினால் பார்க்கிறவருக்குத் திசை குழம்பும். வகுப்பில் படம் கீறி விளக்கியும் பாதிப்பேருக்குப் பிடிபடாதது, அண்ணாவியாரின் கேள்வியில் பிடிபட்டது. சனம் இந்தப் பக்கம் மட்டும்தான், அதுவும் இரண்டு முழத் தூரத்தில் குந்தியிருக்கு என்றோம். உடனே விளங்கிக்கொண்டார். அடியெடுத்து வைப்பது, திரும்புவது எல்லாம் அதற்கேற்ப மாறிவிட்டன.

குரல் மட்டும் இறங்கவில்லை. “கொஞ்சம் குறையுங்கோ” என்று ஒருவர் சொல்ல, “இயல்பாக் கதையுங்கோ” என்று இன்னொருவர் சொல்ல, அவர் குறைத்தால் உயிரும் சேர்ந்து குறைந்தது. எங்கள் இயக்குநர் தோழி அருகே போய், “அண்ணாவியார், பிள்ளை அடுத்த அறையில இப்பதான் நித்திரையானது. நீங்க காசப் பத்திக் கதைக்கிறது அவளுக்குக் கேக்கப்படாது” என்று மட்டும் சொன்னாள். அடுத்த தடவை அவர் பேசியதில் எனக்கு ஒலி அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. நடிகரிடம் முடிவைக் கேட்காமல் சூழ்நிலையைக் கொடுப்பது என்று புத்தகங்களில் இருப்பது இதுதான். அவளுக்கு அந்தப் புத்தகங்கள் தெரியாது, வீட்டில் நாலு தம்பி தங்கை.

அண்ணாவியாரின் சல்லரியை, அதாவது கைத்தாளத்தை, ஒருநாள் படத்தையும் ஒலியையும் பொருத்துவதற்காக அடிக்கிற கிளாப்புக்குப் பதிலாகத் தட்டிப் பார்த்தோம். பார்க்க அழகு, ஆனால் அதன் நாதம் முதல் வசனம் வரை நீண்டது. கையைத் தட்டுவதே உத்தமம்.

தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்துப்போன உத்தி, அடுத்த காட்சியின் சத்தத்தை அது தெரிவதற்கு முன்பே கொண்டுவருவது. படத்தில் இன்னும் இருட்டு, பிள்ளை நித்திரை. ஆனால் விடியலின் காகமும் அம்மம்மா தேங்காய் திருவுகிற சத்தமும் வந்துவிடும், அதன் பிறகே காட்சி மாறும். அண்ணாவியாருக்கு இதைக் காட்டினேன். “இதென்ன புதுசு? அரசன் சும்மா வந்து நிப்பானா? கட்டியக்காரன் சொல்லி, மத்தளம் அடிச்ச மறுகாதானே வருவான்” என்றார்.

வெட்டி எறிந்ததில் பெரிய பங்கு வாவிக் காட்சிகளுக்கு. கல்லடிப் பாலத்துக்கு மேலே ட்ரோன் பறந்து தொடங்காத மாணவர் படத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாலத்தில் கதை இருந்தால் சரி, இல்லையென்றால் அது ஊர்ப் பெயர்ப்பலகை. எங்களிடமும் வடிவான பின்னேரக் காட்சிகள் இருந்தன, கமராக்காரன் அவற்றுக்காக என்னோடு கதைக்காமலே இருந்தான். அந்தப் பிள்ளை வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் இல்லை, தண்ணீர் அள்ளுகிறவள், பள்ளிக்கூடம் போகிறவள். அழகை வைத்தால் அவளை விட்டுவிட்டு நாங்கள் பார்ப்பதாகிவிடும்.

பாடுமீனையும் விட்டோம். சத்தத்தைப் பற்றிய படம், மட்டக்களப்பில் எடுத்த படம், மீன் பாட்டு இல்லையா என்று கேட்காதவர் இல்லை. 1848இல் இங்கே வந்த பிரித்தானிய ஆட்சி அதிகாரி எமர்சன் டெனன்ற், தண்ணீருக்கடியிலிருந்து வந்த அந்த ஒலியை ஈரவிரலால் கண்ணாடிக் கோப்பை விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்தோடு ஒப்பிட்டு எழுதினார். 1950களில் இங்கிருந்த அமெரிக்க யேசுசபைப் பாதிரியார்கள் அதைப் பதிந்தும் வைத்தார்கள். நிலவு நாளில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த முறை. அதற்கென்று தனியாக ஒரு படம் எடுக்கலாம். எங்கள் கதையில் அதை வைத்தால் சுற்றுலாச் சபை விளம்பரமாகிவிடும் என்று தோன்றியது. இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

திரையிடுவதற்கு முதல் நாள் மண்டபத்துக்குப் போய்ச் சத்தத்தைச் சோதித்தது இயக்குநர் தோழியின் பிடிவாதம். அங்கே இருந்த பழைய அம்பிளிபையர் இடது பக்க ஒலியை மட்டுமே எடுத்தது. வலப்பக்கம் வைத்திருந்த குளியலறைக் காலடிச் சத்தம் முழுக்கக் காணாமல் போயிற்று. இரவோடு இரவாக எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்து மோனோவாக ஏற்றுமதி செய்தோம். மின்விசிறிகளுக்குத் தீர்வில்லை. நிறுத்தினால் சனம் அவிந்துபோகும், ஓடவிட்டால் ரகசியக் குரல் கேட்காது. ரகசியத்தைக் கொஞ்சம் உயர்த்தி, மற்றதைக் கொஞ்சம் இறக்கினோம். அக்கா பின்வரிசையில் இருந்து பார்த்தார், பிறகு தன் குரலைத் தானே கேட்பது கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார்.

இப்போது தம்பிமார் வந்து எந்தக் கமரா வாங்கலாம் என்று கேட்கிறார்கள். இருக்கிற போனையே வைத்துக்கொண்டு அந்தக் காசில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் நல்ல ஹெட்போனும் வாங்கச் சொல்கிறேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்க் கமராதான் வாங்குகிறார்கள்.

சொன்னதைக் கேட்டவர் மாமி ஒருவர்தான். கட்டாரில் இருக்கிற மூத்த மகனுக்குக் குரல் அனுப்பும்போது மின்விசிறியை நிறுத்தி, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துத்தான் கதைக்கிறாராம். போன கிழமை வீட்டுக்குப் போனபோது, அடுத்த படம் எப்போது என்று கேட்டார். இன்னும் யோசிக்கவில்லை என்றேன்.

“யோசி மனே. ஆனா இந்த முற எனக்கு வசனம் கொஞ்சம் கூட வேணும். அதில நான் சோறு போட்டதுதான் கூட.”